தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு

விழுந்தவன் நான், இடுப்பு ஒடிந்தது என் மனைவிக்கு. ஒரு வருஷமாக யார் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்லி வந்தேன். கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் ஊர் போளூரில் துக்கம் கேட்க வந்தவர்களிடமும் இதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. மீதிக் கதை என் மகள் செல்விக்குத் தெரியும், மதுரையில் ஒரு டாக்டருக்கும் ஒரு நர்சுக்கும் தெரியும். போன வாரம் காலைப் பேருந்துக்கு நின்றபோது பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தேன். பதினோரு பேரில் ஒன்பது பேர் கழுத்தை மப்ளரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நாலு பேர் என் வயசுக்காரர்கள். அதில் ஒருவருடைய மப்ளரை அவர் மருமகள் அங்கேயே நின்று இன்னொரு இழுப்பு இழுத்து முடிந்துவிட்டாள். நான் பஸ் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் தங்கவேல். அறுபத்தாறு வயது. எங்கள் ஊர் கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தபால் வேலை போக மிச்ச நேரமெல்லாம் பூண்டும் கேரட்டும்தான். மனைவி பெயர் வெள்ளையம்மா. என்னைவிட ஐந்து வயது இளையவள், அதிகாரத்தில் பத்து வயது மூத்தவள். எங்களுக்கு ஒரே மகள் செல்வி. வத்தலக்குண்டில் டீச்சராக இருக்கிறாள்.

கொடைக்கானலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாத ஒரு குளிர் மேல்மலைக் கிராமங்களில் உண்டு. மார்கழி, தை மாதங்களில் விடியும்போது பூண்டுத் தாளின் மேல் உறைபனி உப்பைத் தூவியது போலப் படிந்திருக்கும். குளிர் காது வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது என்று எங்கள் பக்கம் நம்புகிறோம். அதனால் மப்ளரைத் தலையில் போட்டு, காதை மூடி, கழுத்தை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுவோம். முடிச்சு நடுவில் இருந்தால் குனிந்து களை எடுக்கும்போது மோவாயில் இடிக்கும். ஆகவே அதைப் பக்கவாட்டில், தாடை எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே போடுவது வழக்கம். எனக்கு அதை வெள்ளையம்மாதான் கட்டிவிடுவாள். நானாகக் கட்டினால் அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டுவாள். முடிச்சு எப்போதும் என் வலப்பக்கத்தில் விழும்.

முதல் தடவை நான் விழுந்தது கேரட் வயலில். பின்னால் வந்த வெள்ளையம்மாவிடம் ஏதோ சொல்வதற்குத் தலையைத் திருப்பியது வரை ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது இரண்டு பேர் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வெள்ளையம்மா முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பனி எறங்கிருச்சு," என்றாள். "நான் கட்டுனத இவுக எளக்கி எளக்கி விட்டா காத்து உள்ள போகாம என்ன செய்யும்?"

மறுநாள் முடிச்சு இன்னும் இறுகியது. பத்து நாள் கழித்து வாசலில் விழுந்தேன். அதற்கு அடுத்த மாதம், பஸ்ஸில் இருந்து இறங்கியதும் விழுந்தேன். ஒவ்வொரு தடவை விழுந்த பிறகும் ஒரு சுற்று கூடியது. பழைய மப்ளர் மெல்லிசாக இருக்கிறது என்று கொடைக்கானல் பஜாரில் இருந்து தடித்த கம்பளி மப்ளர் ஒன்று வாங்கி வந்தாள். சித்திரை, வைகாசியில் மப்ளரும் இல்லை, மயக்கமும் இல்லை. "பாத்தீங்களா, குளிருதான்னு சொன்னேன்ல?" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. ஒருவர் காதில் சமநிலை கெட்டிருக்கிறது என்றார். ஒருவர் சர்க்கரை பார்த்தார். அது ஒழுங்காக இருந்தது. மயக்கத்தில் என் கை வெட்டி வெட்டி இழுத்தது என்று கேட்ட இன்னொருவர் வலிப்பாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டுப் பகலெல்லாம் தூங்கினேன். அப்படித் தூங்கி வழிந்த நாட்களிலும் மறுபடி ஒரு தடவை விழுந்தேன்.

போன தை மாதம் பூண்டு பிடுங்கினோம். எங்கள் வயல் படிப்படியாக மலைச் சரிவில் இறங்கும். ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவே கல் படிகள். நான் தோளில் பூண்டுக் கட்டோடு இறங்கினேன். வெள்ளையம்மா எனக்கு இரண்டு படி கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். கட்டு நழுவப் பார்த்தது. அதைத் தாடையால் அழுத்திப் பிடிக்கத் தலையை வலப்பக்கம் திருப்பினேன்.

கண் விழித்தபோது நான் அவள் மேல் கிடந்தேன். எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவளுடைய இடது கால் ஒரு தினுசாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. ஓடி வந்தவர்களிடம், "எனக்கு ஒண்ணும் இல்ல, அவர மொதல்ல பாருங்க, அவர பாருங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கேரட் ஏற்ற வந்த வண்டியில் சாக்குகளை மெத்தை போல அடுக்கி அவளைப் படுக்க வைத்து கொடைக்கானலுக்குக் கொண்டுபோனோம். வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் பல்லைக் கடித்தாளே தவிர முனகவில்லை. அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரை. வழியில் செல்வி ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவள்தான் டாக்டரிடம், "அம்மா மேல விழுந்ததே அப்பாதான் சார். ஒரு வருஷமா மயங்கி மயங்கி விழுறாரு. அவரையும் பாருங்க," என்றாள். வெள்ளையம்மாவுக்கு இரண்டாவது மாடியில் எலும்பு வார்டு. எனக்கு நாலாவது மாடியில் இதய வார்டு. செல்விக்கு இரண்டுக்கும் நடுவில் படிக்கட்டு.

எனக்குச் செய்யாத சோதனை இல்லை. இசிஜி, எக்கோ, மூளை ஸ்கேன். நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டி, ஒரு நாள் முழுவதும் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டிவிட்டார்கள். பிறகு ஒரு மேசையில் படுக்க வைத்து வாரால் கட்டி, மேசையையே நிமிர்த்தி முக்கால் மணி நேரம் அப்படியே நிறுத்தினார்கள். அதிக நேரம் நின்றால், ரத்தத்தைப் பார்த்தால், பயந்தால் சிலருக்கு மயக்கம் வருமே, அதைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. எனக்கு மயக்கம் வரவில்லை, பசிதான் வந்தது. எல்லாம் நன்றாக இருப்பதாகத் தாள்கள் வந்தபடி இருந்தன. நன்றாக இருக்கிற மனுஷன் ஏன் பெண்டாட்டி இடுப்பை உடைத்தான் என்று மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

ஐந்தாம் நாள் இளவயது டாக்டரம்மா ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவசரப்படாத பெண்.

"ஐயா, ஒவ்வொரு தடவையும் விழுறதுக்கு முந்தின நிமிஷம் என்ன செஞ்சீங்க? நின்னது, திரும்புனது, என்ன போட்டிருந்தீங்க, எல்லாம் சொல்லுங்க. உங்களுக்கு முக்கியமில்லன்னு தோணுறதையும் சொல்லுங்க."

சொன்னேன். மப்ளர் என்றதும் எழுதுவதை நிறுத்தினார். "எப்படிக் கட்டுவீங்க, காட்டுங்க," என்றார். பையில் இருந்து எடுத்து, வெள்ளையம்மா கட்டுகிற மாதிரியே சுற்றி, வலப்பக்கம் முடிச்சுப் போட்டு, தலையைத் திருப்பிக் காட்டினேன். கண்ணுக்கு முன்னால் கறுப்பு இறங்கியது. கட்டிலில் சாய்த்து, காலைத் தூக்கிவிட்டு, முடிச்சை அவிழ்த்தது டாக்டரம்மாதான்.

கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு, மறுநாள் முறையாகச் சோதித்தார்கள். நெஞ்சில் ஒயர்களை மாட்டி, திரையில் துடிப்பு ஓட, டாக்டரம்மா என் வலது தாடைக்குக் கீழே விரலால் அழுத்தித் தேய்த்தார். திரையில் ஏறி இறங்கி ஓடிய கோடு நேர்கோடாகப் போனதாம். என் இதயம் ஏழு நொடி நின்றுவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று செல்வி அதைப் பார்த்தாள். எனக்கு அந்த ஏழு நொடி என்ன ஆனது என்று இன்றைக்கும் தெரியாது.

டாக்டரம்மா விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. பிரிகிற இடத்தில் ரத்த அழுத்தத்தை வேவு பார்க்கும் நரம்புகள் இருக்கின்றன. வெளியே இருந்து அந்த இடத்தை அமுக்கினால், ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று அவை ஏமாந்து மூளைக்குச் சொல்லும். மூளை உடனே இதயத்தை மெதுவாகப் போகச் சொல்லும். சின்ன வயதில் இது பெரிதாகத் தெரியாது. வயதான சில பேருக்கு, அதிலும் ஆண்களுக்கு, அந்த நரம்புகள் அளவுக்கு மீறிப் பயப்படும். அப்போது இதயம் மெதுவாகப் போவதோடு விடாமல் நின்றே போகும். மூளைக்கு ரத்தம் போகாததால் மயக்கம். கை வெட்டி இழுத்ததும் அதனால்தான், வலிப்பு இல்லை. இறுக்கமான காலர், சவரம் செய்யும்போது அழுத்துகிற கை, சட்டென்று கழுத்தைத் திருப்புவது, எதுவும் போதும். மயங்கியவனைத் தூக்கி நிறுத்துவது மிகப் பெரிய தப்பு. தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, கழுத்தைத் தளர்த்தி, காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

"நாப்பது வருஷமா அப்படித்தான கட்டுறோம்?" என்றேன்.

"முன்னாடி உங்க நரம்பு தாங்குச்சு ஐயா. இப்ப தாங்கல. நீங்களே கட்டிக்குவீங்களா?"

"இல்ல. என் சம்சாரம் கட்டிவிடும்."

அவர் பேனாவை மூடினார். "ரெண்டாவது மாடியில இருக்காங்களே, அவங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அதுவரை என் புத்திக்கு எட்டாதது அப்போதுதான் எட்டியது. நான் விழ விழ இறுக்கினாள். இறுக்க இறுக்க விழுந்தேன். கடைசியில் அவள் மேலேயே விழுந்தேன். அந்தக் கட்டிலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை போல அழுதேன். மப்ளரைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொன்னேன். செல்வி எடுத்துப் போனாள்.

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு நினைப்புதான். இது வெள்ளையம்மாவுக்குத் தெரியவே கூடாது. என் உயிர் இருக்கிறதா போகிறதா என்பதுகூட அதற்குப் பிறகுதான். தன் கைதான் என்னை ஒரு வருஷமாக விழ வைத்தது, தன் இடுப்பையும் அதுதான் ஒடித்தது என்று தெரிந்தால் அவள் எப்படித் தாங்குவாள்?

செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மாட்ட சொல்லிருவோம்ப்பா. ஒங்களத் திட்டுவாங்க, அந்த மப்ளர் வித்தவனத் திட்டுவாங்க, ஒரு பாட்டம் அழுவாங்க. அதோட தீந்துரும்."

"நீ சும்மா இரு. ஆபரேசன் ஆகாத ஒடம்பு. சொல்லக் கூடாதுன்னா சொல்லக் கூடாது."

அவளுக்குத் தன் அம்மாவைத் தெரிந்திருந்தது. நாற்பது வருஷம் கூட இருந்த எனக்குத் தெரியவில்லை.

வெள்ளையம்மாவுக்கு அடுப்புப் புகையில் பழகிய நெஞ்சு. சளி குறையட்டும் என்று அறுவைச் சிகிச்சையைத் தள்ளித் தள்ளி ஏழாம் நாள்தான் செய்தார்கள். மறுநாள் எனக்கு பேஸ்மேக்கர். இடது காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, தோலைக் கொஞ்சம் கீறி, ஒரு ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் ஒயரை இறக்கினார்கள். கைக்கடிகார முகம் அளவுக்கு ஒரு மெஷினைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். என் இதயம் நிற்கப் பார்த்தால் அது தட்டி எழுப்பும். முழு நினைவோடுதான் இருந்தேன். இழுப்பும் அழுத்தமும் தெரிந்தது, வலி பெரிதாக இல்லை. ஒரு மாதம் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்றார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் ஒருவரிடமும் கையேந்தாமல் முடிந்தது.

தினமும் அவள் கேட்டாள். "ஒங்களுக்கு என்னன்னு சொன்னாக?"

"நரம்புல கோளாறாம். வயசானா வருமாம்."

"அதுக்கா நெஞ்சக் கீறுனாக?"

"மெஷினு வச்சா விழ மாட்டேனாம்."

"மெஷினு வைக்கட்டும். குளிரு பட்டா மெஷினும்தான் நின்னு போகும்," என்பாள். பக்கத்துக் கட்டில்காரி சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன்.

பதினோராம் நாள் காலை என் வார்டு நர்ஸ் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து இரண்டாவது மாடிக்குக் கூட்டி வந்தது. சின்னப் பெண், கலகலவென்று பேசும். வெள்ளையம்மாவைச் சாய்ந்து உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் கண் என் கழுத்துக்குத்தான் போனது.

"தை மாசத்துல கழுத்தத் தொறந்து போட்டுட்டு வெள்ளனே வந்து நிக்கிறீங்களே, புத்தி இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே தலைமாட்டுப் பையைத் துழாவினாள். துணிகளுக்கு அடியில் செல்வி சுருட்டி வைத்திருந்த மப்ளர் அவள் கையில் வந்துவிட்டது. "குனிங்க."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த பதினோரு நாளில் அவள் முகத்தில் அன்றைக்குத்தான் பழைய அதட்டல் வந்திருந்தது. மெஷின்தான் இருக்கிறதே, தலையைத் திருப்பாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக் குனிந்தேன். காதை மூடினாள், இரண்டு சுற்று சுற்றினாள், வலப்பக்கம் முடிச்சை இழுத்தாள். பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தது.

"ஐயோ, ஐயா! கழுத்துல துணியே கட்டக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல? நீங்க விழுந்ததே அதனாலதான!"

அந்தப் பெண்ணின் மேல் தப்பே இல்லை. அது தன் வேலையைச் செய்தது.

வெள்ளையம்மாவின் கை நின்றது. "இதுனாலயா?" என்று நர்ஸைக் கேட்டாள். நர்ஸ் என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். அவள் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். நன்றாக இறுக்கியிருந்ததால் கொஞ்ச நேரம் எடுத்தது. மப்ளரை மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"ஆறு நாளா."

"செல்விக்கு?"

"தெரியும்."

"எனக்குத்தான் தெரியல," என்றாள். இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மூன்று நாளும் அந்தக் கைகள் போர்வைக்கு வெளியே என் பக்கம் வரவில்லை. என்னைப் பார்த்தால் சட்டையில் ஒட்டிய நூலையாவது எடுத்துப்போடுகிறவள் அவள். நான் உட்கார்ந்திருக்கும்வரை சோற்றைக்கூட செல்வி ஊட்டினால்தான் வாங்கினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். பூண்டை வெயிலில் போட ஆள் சொன்னீர்களா என்று விசாரித்தாள். திட்டவே இல்லை. திட்டாததுதான் என்னைக் கொன்றது. அவளை முட்டாளாக்கிவிட்டேன், அந்தக் கோபம் போக நாளாகும், ஊருக்குப் போய்ச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினாலாம் நாள் காய்ச்சல் கொதித்தது. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி நுரையீரல் இரண்டும் கெட்டுவிட்டது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மாலையில் ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன். கண் திறந்து என்னைப் பார்த்தாள். என் தைத்த தோளைப் பார்த்தாள்.

"வெள்ளையம்மா, கையக் குடு," என்றேன்.

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நானே போர்வையை விலக்கி அவள் கையைத் தொட்டேன். வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆக்ஸிஜன் மூடிக்கு உள்ளிருந்து ஏதோ சொன்னாள். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"வேணாங்க. எங்கையி பட்டா ஒங்களுக்கு ஏதாவது ஆயிரும்."

கோபம் என்று நான் நினைத்திருந்த மூன்று நாளும் அவள் பயந்துபோய் இருந்திருக்கிறாள். "அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது, கழுத்து மட்டுந்தான், கையில என்ன இருக்கு," என்று என்னென்னவோ சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆறு நாள் பொய் சொன்னவன் சொல்லை அவள் எப்படி நம்புவாள்? நேரமாகிவிட்டது என்று என்னை வெளியே அனுப்பினார்கள். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.